எட்டில் பூஜ்யம்

மேற்கு மாம்பலம், தம்பையா ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு மாடி போர்ஷன். 2022-ல் ஒரு சாயங்காலம். பெருங்குடலில் ஆபரேஷன் முடிந்து பதினோராம் நாள், என் அத்திம்பேர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பயாப்சி ரிப்போர்ட்டை என் பக்கம் நீட்டினார். இரண்டு பக்கம் நெருக்கமாக அச்சடித்த தாள். அவர் விரல் ஒரே ஒரு வரியில் நின்றது: நிணநீர்க்கணுக்கள் 0/8.

"எட்டுக்குப் பூஜ்யம்னு போட்டிருக்கே, ஃபெயிலாடா?"

கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். எல்லாத் தாளையும் விடைத்தாளாகத்தான் பார்ப்பார்.

"இல்லை அத்திம்பேர், இதுல பூஜ்யம் வாங்கினாத்தான் பாஸ்."

"சரி, அந்த எட்டு?"

பூஜ்யத்துக்கு என்னிடம் பதில் இருந்தது. எட்டுக்கு இல்லை.

குடலை வெட்டி எடுக்கும்போது அதைத் தாங்கி நிற்கும் கொழுப்பு மடிப்பையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். நோய் முதலில் எட்டிப் பார்க்கும் நிணநீர்க்கணுக்கள் அந்த மஞ்சள் கொழுப்புக்குள்தான் புதைந்து கிடக்கும். ஃபார்மலினில் ஊறி விறைத்த துண்டை நோயியல் மருத்துவர் சீவல் சீவலாக நறுக்கி, விரல் நுனியால் அழுத்தி அழுத்தித் தேட வேண்டும். ஒன்றிரண்டு கணுக்கள் மொச்சைக்கொட்டை அளவு இருக்கும். மற்றவை மிளகளவு, சில கடுகளவு. கடுகுகளில்தான் வம்பு. குறைந்தது 12 கணுக்களையாவது பார்த்திருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட வரையறை. எட்டைப் பார்த்து எட்டிலும் இல்லை என்றால், பார்த்த எட்டில் இல்லை, அவ்வளவுதான். பார்க்காத ஒன்பதாவதைப் பற்றி அந்தத் தாள் வாயே திறக்கவில்லை.

குறைவாகக் கிடைத்தால் மிச்சத் துண்டை எடுத்து மறுபடி தேடுவது முறை. நாங்கள் விசாரிக்கப் போனபோது துண்டை அப்புறப்படுத்தியாகிவிட்டது என்றார்கள். எந்த லேப் என்பது இங்கே வேண்டாம். எட்டோடு நின்றதற்குக் காரணம் அறுவை மருத்துவர் எடுத்த துண்டின் நீளமா, தேடியவரின் அவசரமா, அல்லது அத்திம்பேரின் உடம்பே அப்படித்தானா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனவர் எத்தனை காலம் இருப்பார் என்று சொல்ல இன்று கருவிகளுக்குப் பஞ்சமில்லை. ஸ்டேஜ் இருக்கிறது, செல்போனிலேயே தட்டிப் பார்க்கும் கணிப்பான்கள் இருக்கின்றன, இரத்தத்தில் கட்டியின் டிஎன்ஏ துணுக்கைத் தேடும் பரிசோதனை வந்துவிட்டது. எல்லாம் வெளியூரில் நன்றாகவே வேலை செய்கின்றன. சென்னையில் அவற்றின் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் என் கேள்வி. சில ஆண்டுகள் இதைத் தொடர்ந்து படித்ததில் எனக்குப் பட்டது: சூத்திரத்தில் பெரிய கோளாறு இல்லை. சூத்திரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு எண்ணும் வேலைகள் இருக்கின்றன. முன்னால் கணுவை எண்ணுவது, பின்னால் ஆளை எண்ணுவது. நாம் சறுக்குவது அந்த இரண்டிலும்தான்.

கணுவை எண்ணும் வழக்கத்துக்கு வேர் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில். அங்கே நோயியல் மருத்துவராக இருந்த கத்பர்ட் டியூக்ஸ், வெட்டியெடுத்த மலக்குடல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1932-ல் மூன்று வகுப்பாகப் பிரித்தார். கட்டி குடற்சுவரைத் தாண்டாவிட்டால் ஏ, தாண்டிவிட்டால் பி, கணுவுக்குப் போயிருந்தால் சி. இன்றைய டி, என், எம் முறையின் பிரிவுகளும் உட்பிரிவுகளும் எத்தனை பெருகினாலும் அடிப்படைக் கேள்விகள் டியூக்ஸ் கேட்டவைதான்: எவ்வளவு ஆழம், கணுவுக்குப் போனதா. தொண்ணூறு ஆண்டு தாக்குப்பிடித்த வகைப்பாட்டைக் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் அதன் படிக்கட்டு நேராக இல்லை. அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டில் 1991 முதல் 2000 வரை பதிவான 1,19,363 பெருங்குடல் நோயாளிகளை வைத்து 2004-ல் வெளியான ஒரு கணக்கு இந்தத் துறையில் பிரசித்தம். ஐந்தாண்டு கடந்தவர்கள், முதல் ஸ்டேஜில் நூற்றுக்கு 93.2. இரண்டாம் ஸ்டேஜின் 'ஏ' பிரிவில் 84.7, 'பி' பிரிவில் 72.2. அடுத்து மூன்றாம் ஸ்டேஜ் 'ஏ'. கணுவுக்கே நோய் போய்விட்ட பிரிவு, 72-க்குக் கீழே இருக்க வேண்டும். இருந்ததோ 83.4. அதற்குப் பிறகுதான் 64.1, 44.3 என்று சரிந்து, நான்காம் ஸ்டேஜில் 8.1-க்கு வந்தது. மூன்றாம் மாடியில் இருப்பவர் இரண்டாம் மாடிக்காரரைவிடத் தரைக்கு அருகில் இருக்கிறார் என்பது போன்ற விநோதம்.

ஏன் அப்படி? கணுவில் நோய் தெரிந்தவர்களுக்குக் கீமோ கொடுப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டாம் ஸ்டேஜில் பலருக்குக் கொடுக்கவில்லை. இது ஒரு காரணம். மூன்றாம் ஸ்டேஜ் 'ஏ'வில் கட்டி ஆழமாகப் போயிருக்காது என்பது இன்னொன்று. மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டாம் ஸ்டேஜ் என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் உண்மையில் மூன்றாம் ஸ்டேஜ்காரர்கள். அவர்களுடைய கடுகை யாரும் தேடவில்லை.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. ஆல்வன் ஃபைன்ஸ்டைன் 1985-ல் அதை எடுத்துக்காட்டி, ஒரு பழைய நகைச்சுவைக் கலைஞரின் பெயரால் 'வில் ராஜர்ஸ் விளைவு' என்றார். அத்திம்பேரின் பாஷையில் சொன்னால் சுலபம். ஏ செக்‌ஷனில் கடைசி மார்க் வாங்கும் பையனை பி செக்‌ஷனுக்கு மாற்றுங்கள். ஏ-யின் சராசரி ஏறும். அந்தப் பையன் பி-யில் நடுத்தரத்துக்கும் மேலே என்றால் அந்தச் சராசரியும் ஏறும். எவனும் கூடுதலாக ஒரு வரி படித்திருக்க மாட்டான். கணுக்களைப் பொறுமையாகத் தேடும் ஆஸ்பத்திரியில் இரண்டாம் ஸ்டேஜ் முடிவும் நன்றாக இருக்கும், மூன்றாம் ஸ்டேஜ் முடிவும் நன்றாக இருக்கும். ஒரு நோயாளிகூட ஒரு நாள் அதிகம் வாழ்ந்திருக்கத் தேவையில்லை. ஆகவே "எங்கள் இரண்டாம் ஸ்டேஜ் முடிவு இவ்வளவு" என்று யாராவது பெருமை பேசினால், சராசரியாக எத்தனை கணு பார்க்கிறீர்கள் என்ற கேள்வியை முதலில் போட வேண்டும்.

ஸ்டேஜ் முரடானது, நுணுக்கமான கணிப்பு வேண்டும் என்று வந்தவை கணிப்பான்கள். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் 2008-ல் வெளியிட்டது நல்ல உதாரணம். அங்கே சிகிச்சை பெற்ற 1,320 பேரின் தகவலில் கட்டியது. வயது, கட்டி இருந்த இடம், ஆபரேஷனுக்கு முன் இரத்தத்தில் இருந்த சிஇஏ என்ற புரதத்தின் அளவு, ஆழம், நோயுள்ள கணு எத்தனை, நோயில்லாத கணு எத்தனை, இரத்த நாளத்துக்குள் புகுந்ததா, நரம்பைச் சுற்றியதா, கீமோ உண்டா. இத்தனையும் கொடுத்தால் நோய் திரும்பும் வாய்ப்பைச் சொல்லும். நோயில்லாத கணுவையும் தனியாகக் கேட்பதைக் கவனியுங்கள். எட்டில் பூஜ்யமும் இருபதில் பூஜ்யமும் ஒன்றல்ல என்பது அதற்குத் தெரியும். ஸ்டேஜுக்கு அது தெரியாது. இந்த ஒன்றுக்காகவே கணிப்பானுக்கு என் ஓட்டு.

அதன் திறனுக்குக் கிடைத்த மதிப்பெண் 0.77. இரண்டு நோயாளிகளை நிறுத்தி, யாருக்கு முதலில் நோய் திரும்பும் என்று கேட்டால் நூற்றில் 77 தடவை சரியாகச் சொல்லும் என்று பொருள். நாணயத்தைச் சுண்டினால் 50. மோசமில்லை. ஆனால் இந்த 0.77 வரிசையைப் பற்றிய மதிப்பெண். யார் முன், யார் பின் என்பதைச் சரியாகச் சொல்லிவிட்டு, இவருக்கு 85, அவருக்கு 60 என்ற எண்களில் கோட்டைவிட முடியும். ராங்க் சரி, மார்க் தப்பு. குடும்பம் கேட்பது ராங்க் அல்லவே, மார்க். அத்திம்பேரின் பிள்ளை அன்றிரவே செல்போனில் ஒரு கணிப்பானைத் திறந்து எல்லாவற்றையும் நிரப்பி, எண்பதுக்கு மேல் ஏதோ ஒரு எண் வந்ததும் வீடே அதைப் பிடித்துக்கொண்டு தூங்கப் போனது.

மார்க் ஏன் பிசகும் என்பதற்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2017-ல் வெளியிட்ட ஒரு தணிக்கையே போதும். அங்கே வந்த 800 பெருங்குடல், மலக்குடல் நோயாளிகளின் சராசரி வயது 47. அமெரிக்காவில் இது அறுபதுகளின் வியாதி. அதைவிட உறுத்துவது, 800 பேரில் நூற்றுக்கு 13 பேருக்கு 'முத்திரை மோதிர' வகைக் கட்டி. செல்லுக்குள் சளி நிரம்பி உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடும். நுண்ணோக்கியில் கல் பதித்த மோதிரம்போல் தெரியும். மேலைநாடுகளில் நூற்றுக்கு ஒருவருக்கு இருந்தால் அதிகம். பொல்லாத வகை. நியூயார்க் கணிப்பான் கேட்ட கேள்விகளில் மோதிரம் பற்றிய கேள்வி இல்லை, அவர்களுக்குத் தேவைப்படவில்லை. நம்மூரில் அந்த ஒரு வார்த்தை ரிப்போர்ட்டில் இருந்தால் மீதி எண்களை எடுத்து ஓரமாக வைக்க வேண்டியதுதான்.

அப்படியானால் சென்னையின் எண்ணை வைத்துச் சென்னைக்கு ஒரு கணிப்பு செய்யலாமே? செய்யலாம். அங்கேதான் இரண்டாவது எண்ணும் வேலை வருகிறது. ஆளை எண்ணுவது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தெரியாதவர்கள் இந்த ஊரில் குறைவு. அங்கிருந்தபடி 1980-களின் தொடக்கத்திலிருந்து ஒரு பதிவேடு நடந்துவருவதைத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. மெட்ராஸ் பெருநகர் புற்றுநோய்ப் பதிவேடு. நகரத்தில் யாருக்குப் புற்றுநோய் வந்தாலும் தகவல் தானாக வந்து சேராது. ஊழியர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கித் திரட்ட வேண்டும். அந்தப் பதிவேட்டை வைத்து ஆர். சுவாமிநாதன், ஆர். ரமா, வி. சாந்தா மூவரும் 2008-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். புற்றுநோய்ப் புள்ளிவிவரம் என்று இந்தியாவில் எழுதப்பட்டவற்றில் ஒன்றே ஒன்றைப் படிக்க நேரமிருக்கிறது என்றால் நான் கையில் கொடுப்பது அதைத்தான்.

அவர்கள் எடுத்துக்கொண்டது 1990 முதல் 1999 வரை சென்னையில் அதிகம் பதிவான பத்துப் புற்றுநோய்களையும், புகையிலையால் வரும் மற்றவற்றையும். நோயாளிகளின் நிலை என்ன என்று 2001 வரை பார்த்தார்கள். முதலில் மேஜையில் உட்கார்ந்தபடி செய்யக்கூடியதைச் செய்தார்கள்: சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவோடு பெயர்களை ஒத்துப்பார்ப்பது. புற்றுநோயின் இடத்தைப் பொறுத்து, நூற்றுக்கு 20 முதல் 66 பேர்வரை அதில் கிடைத்தார்கள். மிச்சப் பேர்? பட்டியலில் இல்லாததால் உயிரோடு இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு கணக்கை முடித்திருக்கலாம். முடிக்காமல் தேடிப் போனார்கள். போய்ப் பார்த்ததில், பொருந்தாமல் நின்றவர்களில் நூற்றுக்கு 15 முதல் 43 பேர்வரை இறந்திருந்தார்கள். இன்னும் 4 முதல் 38 பேர்வரை என்ன ஆனார்கள் என்றே தெரியவில்லை. தேடிப் போகாமல் விட்டிருந்தால் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 22 முதல் 47 விழுக்காடுவரை கூடுதலாகத் தெரிந்திருக்கும்.

இதைப் படித்ததும் எனக்குக் கண்முன் வந்தது மாம்பலத்துச் சந்துகள்தான். பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. கதவில் எழுதியிருப்பது எது என்று வீட்டுக்காரருக்கே சந்தேகம். ஆஸ்பத்திரி சீட்டில் 'வெங்கட்ராமன்', ரேஷன் கார்டில் 'வெங்கடராமன்', இறப்புச் சான்றிதழில் அப்பா பெயரோடு 'வி. ராமன்'. கல்யாணமான பெண்களுக்கு இனிஷியல் வேறு மாறும். கும்பகோணத்திலிருந்து சிகிச்சைக்கு வந்தவர் தங்கை வீட்டு விலாசத்தைக் கொடுத்திருப்பார். முடியாமல் போனதும் ஊருக்கே கூட்டிப்போய்விடுவார்கள். கண்ணம்மாபேட்டைக்கு வந்தால்தானே மாநகராட்சி ஏட்டில் ஏறும்? காவிரிக்கரையில் எரிந்தவர் சென்னையின் கணக்கில் சிரஞ்சீவி.

காணாமல் போனவர்களைக் கையாள உலகம் பயன்படுத்தும் முறை 1958-ல் எட்வர்ட் கப்லானும் பால் மேயரும் தந்தது. (கப்லானுக்கு இதில் அக்கறை வந்தது நோயாளிகளால் இல்லை, கடலடித் தொலைபேசிக் கம்பியில் பொருத்திய வெற்றிடக் குழாய்கள் எத்தனை நாள் உழைக்கும் என்ற கேள்வியால்.) பாதியில் தொடர்பு அறுந்தவரை அந்த நாள்வரை கணக்கில் வைத்துக்கொண்டு பிறகு மெல்லக் கழற்றிவிடும் அழகான முறை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: கழன்றுபோனவர்களின் கதியும் தங்கியவர்களின் கதியும் ஒன்றாக இருக்க வேண்டும். கடலடியில் குழாய்க்கு அது பொருந்தும். இங்கே ஒருவர் செக்கப்புக்கு வராமல் நின்றால், ஒன்று அவர் நன்றாகி வேலைக்குப் போய்விட்டார், அல்லது கீமோவுக்குப் பணமும் தெம்பும் தீர்ந்து படுத்துவிட்டார். இரண்டு பேரும் சராசரி ஆள் இல்லை. சென்னைக் கட்டுரையில் தொலைந்தவர்களை அடியோடு விலக்கிப் பார்த்தபோது வந்தது எல்லாவற்றிலும் தாழ்ந்த எண். அதே நோயாளிகள், அதே நோய். காணாதவரைப் பற்றி என்ன நினைத்துக்கொள்கிறோம் என்பதற்கேற்ப விடை ஏறி இறங்குகிறது.

ஆகவே ஓர் ஆஸ்பத்திரி விளம்பரப் பலகையில் "90% வெற்றி" என்று பார்த்தால் நான் கேட்க நினைப்பது ஒன்றுதான். நூறு பேரில் எத்தனை பேர் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'பாஸம்' போன்ற மதிப்பீடுகள் ஆபரேஷனைத் தாங்குவாரா, முதல் மாதத்தைத் தாண்டுவாரா என்பதற்கானவை. அது வேறு கேள்வி. எண்பது வயதுக்காரருக்கு அவசியமான கேள்வியும்கூட. இரத்தத்தில் கட்டியின் டிஎன்ஏவைத் தேடும் பரிசோதனைக்கு 2022-ல் ஆஸ்திரேலிய ஆய்வொன்று நல்ல பெயர் வாங்கித் தந்தது. இரண்டாம் ஸ்டேஜில் 455 பேர். பரிசோதனையை வைத்து முடிவெடுத்த அணியில் நூற்றுக்கு 15 பேருக்குத்தான் கீமோ போனது, வழக்கமான முறையில் 28 பேருக்கு. இரண்டு ஆண்டு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 93.5, 92.4. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். ஆக, அதன் உபயோகம் யாருக்குக் கீமோ வேண்டாம் என்று சொல்வதில்; எத்தனை வருஷம் என்று சொல்வதில் இல்லை.

இன்னொரு ஆய்வு கணிப்பு என்ற எண்ணத்தையே லேசாக ஆட்டிவிட்டது. கீமோ முடித்த 889 பேரில் பாதிப் பேரை மூன்று ஆண்டு முறைப்படி உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். 2025-ல் வந்த முடிவில் ஐந்தாண்டு நோயின்றி இருந்தவர்கள் 80.3 விழுக்காடு, அறிவுரைப் புத்தகம் மட்டும் பெற்றவர்களில் 73.9. பயிற்சி அணியில் பலர் செய்தது வேக நடை. ஆபரேஷன் அன்று போட்ட கணிப்பில் நடைக்குக் கட்டம் ஏது? (மாம்பலத்தில் நடைபாதைக்கே கட்டம் இல்லை, அது தனி.) காலமும் கணிப்பை மாற்றுகிறது. திரும்பும் நோய் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுக்குள் திரும்பிவிடும். மூன்றைத் தாண்டியவரிடம் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருப்பது, ப்ளஸ் டூ பாஸானவனுக்கு எஸ்எஸ்எல்சி ரிவிஷன் டெஸ்ட் மார்க்கைக் காட்டுவது மாதிரி.

என் தீர்ப்பு இது. ஸ்டேஜ் வரிசைப்படுத்தும், தேதி குறிக்காது. பன்னிரண்டுக்குக் குறைவான கணுக்களோடு வரும் 'இரண்டாம் ஸ்டேஜ்' என்ற சொல்லை அரைகுறைத் தகவலாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியூர்க் கணிப்பானை டாக்டர் தன் அறையில் வைத்துக்கொள்ளட்டும், கீமோ வேண்டுமா என்று முடிவெடுக்க அது உதவும். அதன் விழுக்காட்டை அப்படியே குடும்பத்தின் கையில் கொடுப்பது தவறு. சென்னையில் அந்த எண்ணைச் சரிபார்க்க ஆளை எண்ணியிருக்க வேண்டும், பெரும்பாலான இடங்களில் எண்ணவில்லை. புதிய மூலக்கூறு பரிசோதனைகளுக்குப் பணம் தேடுவதற்கு முன்னால், கடுகைத் தேடும் நோயியல் மருத்துவருக்கு இன்னும் அரைமணி நேரமும், நோயாளியின் வீட்டுக்குப் போன் போடும் ஓர் ஊழியருக்குச் சம்பளமும் கொடுத்தால் கணிப்பு இதைவிட அதிகம் தேறும். இதைச் சொன்னால் சில டாக்டர்கள் சிரிக்கிறார்கள். மலிவான யோசனைக்கு மரியாதை குறைவுதான்.

அத்திம்பேருக்கு எட்டை வைத்துக்கொண்டு டாக்டர் ஆறு மாதம் கீமோ என்றார். விரல் நுனி மரத்துப்போய்ச் சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை என்ற குறையோடு முடித்தார். மூன்று ஆண்டு ஆகிறது. காலையில் லேக் வியூ ரோட்டில் பால் பாக்கெட்டோடு அவரைப் பார்க்கலாம். கடைசி ஸ்கேனைப் பிள்ளை வேலை பார்க்கும் ஊரில் எடுத்தார்கள்; ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போய் ஒன்றரை வருஷமாகிறது. அவர்களிடம் இருப்பது எப்போதோ சரண்டர் செய்த லேண்ட்லைன் நம்பர்.

நான் பிடுங்கியெடுத்ததில் போன மாதம் புது நம்பரைக் கொடுக்க இருவரும் போனோம். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, "இன்னிக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கா சார்?" என்றாள்.

"இல்லம்மா. நான் உயிரோட இருக்கேன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"அப்பாயின்ட்மென்ட் இல்லாம ஃபைல் ஓப்பன் ஆகாது சார்."